ஊசிக்கு இடம் விட்ட பாட்டு

நல்லெண்ணத்தோடு நாம் செய்த ஒரு திருத்தத்தால் வேறொருவர் மீது பழி விழுந்தால், அதை முதலில் யாரிடம் ஒப்புக்கொள்வது? மேலாளரிடமா, பழியைச் சுமப்பவரிடமா? சமூகப் பணியில் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எந்தப் பேராசிரியரும் என்னிடம் கேட்டதில்லை. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் நல அலுவலராக இருந்தபோது, செல்போனில் பாட்டுச் சத்தத்தைச் சீர்செய்யப் போய் அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. இன்று இந்தப் பணிக்கு வரும் இளையவர்களுக்கு இதில் ஏதேனும் பயன் இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். பயன் இல்லாவிட்டாலும், செல்போனில் பாட்டை நன்றாகக் கேட்கும் வழியாவது தெரிந்துபோகும்.

1. நிரம்பிய பெட்டி

எங்கள் தையல் ஹாலின் வாசலில் பூட்டுப் போட்ட ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. வெளிநாட்டு வாங்குநர்களின் சார்பில் ஆடிட்டுக்கு வருபவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த ஏழு மாதங்களில் அதற்குள் கிடைத்தவை ஒரு சாக்லேட் காகிதமும் ஒரு பேருந்துப் பயணச்சீட்டும் மட்டுமே. பெட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று ஆடிட்டர் ஒருமுறை கேட்டார். எங்கள் புரொடக்ஷன் மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி, குறை இருந்தால்தானே சீட்டு இருக்கும் என்று பணிவாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கோ அந்தக் காலிப் பெட்டி என் படிப்பின் மீது வைக்கப்பட்ட விமர்சனமாகவே தோன்றியது.

ஒரு சனிக்கிழமை திறந்தபோது உள்ளே முப்பத்தொரு சீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முப்பத்தொன்றும் பாட்டைப் பற்றியவை.

காலை பத்து முதல் பன்னிரண்டு வரையும், மதியம் இரண்டு முதல் நான்கு வரையும் ஹாலில் பாட்டுப் போடுவது வழக்கம். பழைய சிடி பிளேயர் பஞ்சுத் தூசி அடைத்து நின்றுவிட்டதால், நான் புதிதாக வாங்கியிருந்த பாட்டுப் போனை ஆம்ப்ளிஃபயரில் இணைத்திருந்தோம். அதன் விளைவைத்தான் சீட்டுகள் பேசின. 'பாட்டு கிணற்றுக்குள் இருந்து வருகிறது. பாடுகிறவரை மேலே தூக்கிவிடவும்' என்று ஒரு சீட்டு. 'மேடத்தின் போனுக்கு ஜலதோஷம்' என்று இன்னொன்று.

நான் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் தொழிலாளர்கள் முதன்முதலாக வாய் திறந்திருக்கிறார்கள்; அந்த முதல் கோரிக்கையே வீணாய்ப் போனால் இரண்டாவது ஒருநாளும் வராது என்று கணக்கிட்டேன். கணக்கு சரியானதுதான். அதை நிறைவேற்றிய விதத்தில்தான் கோளாறு.

2. பாடகர் காணாமல் போன காலை

திங்கட்கிழமை, போனின் செட்டிங்கைத் திறப்பதற்கு முன்பே ஒரு விந்தை நடந்தது. பாட்டில் தபேலா கேட்டது, வயலின் கேட்டது, பாடுகிறவரின் குரலை மட்டும் காணவில்லை. ஐந்து நிமிடம் நான் ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் இரண்டாம் லைனில், அதாவது இரண்டாம் மிஷின் வரிசையில், யாரோ விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்க, ஹாலே சேர்ந்துகொண்டது. எண்பது பெண்கள் பாட, போன் பக்கவாத்தியம் வாசித்தது.

மெக்கானிக் காதர் பாய் வந்து போனை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் ஒயரின் பின் குத்தும் துளையின் அடியில் பஞ்சு உருண்டையாகத் திரண்டு, பின்னை முழுமையாக உள்ளே போகவிடாமல் தடுத்திருந்தது. அந்தப் பின் பாதியளவே நுழைந்து நின்றால் குரல் மறைந்து வாத்தியம் மட்டும் வரும் என்பதை அன்றுதான் அறிந்தேன். போனை அணைத்து, ஒரு மெல்லிய மரக்குச்சியால் பஞ்சை எடுத்ததும் பாடகர் திரும்பி வந்தார். ஹாலில் சிலருக்கு அது ஏமாற்றமாகவும் இருந்தது.

மற்றவற்றைப் படித்தும் கேட்டும் கற்றேன். மெமரி கார்டில் நிறையப் பாட்டு அடங்க வேண்டும் என்று கடைக்காரர் நசுக்கிப் பதிந்திருந்ததை அழித்து, தரம் குறையாத பதிவுகளாகப் போட்டு வாங்கினேன். போனின் வால்யூமை முழுதாக ஏற்றினால் சத்தம் உடையும். முக்கால் அளவில் நிறுத்தி, மீதியை ஆம்ப்ளிஃபயரில் ஏற்ற வேண்டும். கூரையில் தொங்கிய எங்கள் ஸ்பீக்கர்களுக்கு பாஸ் என்ற கனத்த ஒலி தாங்காது. பாஸ் பூஸ்டர் என்ற செட்டிங்கைப் போட்டால் தகரம் அதிர்வது போல் இருக்கும். எனவே ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில் பாஸைக் குறைத்து, கூர்மையான ஒலியான ட்ரெபிளை நன்றாகத் தூக்கினேன். மறுநாள் பாட்டு கண்ணாடி போல வந்தது. ஜால்ராவின் ஒவ்வொரு தட்டும் தனியாகக் கேட்டது.

அந்த வாரப் பெட்டியில் நன்றிச் சீட்டுகள் பத்தொன்பது. அவற்றை ஆடிட்டருக்குக் காட்ட ஃபைல் போட்டேன்.

3. நல்ல பாட்டும் கெட்ட பீஸும்

அதே வாரத்தில் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை செக்கிங்கில் இருந்து பீஸ்கள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. பக்கத் தையலில் ஆங்காங்கே தையல் விட்டுப்போயிருந்தது. எல்லா லைனிலும் கொஞ்சம் இருந்தாலும், இரண்டாம் லைனில் ஓவர்லாக் மிஷின் ஓட்டிய எஸ்தரின் பீஸ்கள்தான் அதிகம்.

எஸ்தர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் ஹாலிலேயே கை வேகம் மிகுந்தவர். தைப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள், சூப்பர்வைசர்கள் அத்தனை பேரும் ஆண்கள் என்ற நிலை மாற வேண்டும் என்று நான் மாதக்கணக்கில் மன்றாடி, எஸ்தரை அடுத்த திங்கட்கிழமை முதல் சூப்பர்வைசராக வைத்துப் பார்க்க ஈஸ்வரமூர்த்தியைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அந்தச் சம்மதம் இப்போது திரும்பி வந்த பீஸ் குவியலுக்கு அடியில் கிடந்தது.

ஈஸ்வரமூர்த்தி கோபப்படுகிறவர் அல்ல. அவருடைய மரியாதைதான் பயமுறுத்தும்.

"ஏனுங்க மேடம், பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. பீஸுதான் நல்லா இல்லீங்க. சொந்த மிஷினையே பார்க்காத புள்ள லைனப் பார்க்குமுங்களா?"

சனிக்கிழமை மாலை முடிவு சொல்வதாகவும், குறை தீராவிட்டால் எஸ்தரைக் கொஞ்ச நாள் பிசிறு வெட்டும் வேலைக்கு மாற்றப்போவதாகவும் சொன்னார்.

எஸ்தரின் மிஷினில் காதர் பாய் ஊசியை மாற்றினார், நூலை மாற்றினார், லூப்பரைக் கழற்றி மாட்டினார். ஓவர்லாக்கில் ஊசிக்குக் கீழே நூலை வாங்கிக் கோக்கும் உறுப்புதான் லூப்பர். எல்லாம் சரியாக இருந்தது. "என்னைய வேணா திட்டுங்க, என் மிஷின ஒண்ணும் சொல்லாதீங்க" என்று ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

4. டீ நேரத்தில் எஸ்தர் சொன்னது

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் எஸ்தர் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லுதேன். நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீங்க. பாட்டு முன்ன மங்கலா இருந்தப்ப, ஊசி லேசா வளைஞ்சு லூப்பர்ல ஒரசுனாலே டிக்கு டிக்குன்னு கேக்கும். உடனே நிறுத்திருவேன். இப்ப ஜால்ரா அம்புட்டு தெளிவா விழுது. எது ஜால்ரா, எது ஊசின்னு தெரிய மாட்டேங்கு."

தையல் என்பது கண்ணும் கையும் செய்யும் வேலை என்றே ஏழு மாதங்களாக எண்ணியிருந்தேன். கண் துணியில் இருக்கும். ஊசியின் நலத்தைக் கவனிப்பது காது. எஸ்தரின் கை வேகத்துக்கு, காது ஏமாறி வளைந்த ஊசியிலேயே தைத்தால், தையல் விட்ட பீஸ் அடுத்தவர் பார்த்துச் சொல்வதற்குள் நாற்பதைத் தாண்டிவிடும். ஹாலின் மிகச் சிறந்த கைக்கு அதிகத் தவறு ஏற்பட்டதன் காரணம் அதுதான்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா பாட்ட நிறுத்திருவாக. எம்பது பேரும் என்னையத்தான் ஏசுவாளுவ. சூப்பர்வைசர் ஆகுததுக்கு முந்தியே அத்தன பேரையும் பகைச்சுக்கிடவா?"

தொடக்கத்தில் சொன்ன கேள்வி அப்போதுதான் என் முன் வந்து நின்றது. ட்ரெபிளைத் தூக்கியது நான், தவறு என்னுடையது என்று முதலில் எஸ்தரிடமே சொன்னேன். அவர் என்னை ஆறுதலாகப் பார்த்து, "போன் ஒங்களுதுதான மேடம், அது எங்களுக்கும் தெரியும்" என்றார். பழியை அவரவர் ஏற்கெனவே பங்கிட்டு வைத்திருந்தார்கள், எனக்குத்தான் தெரியவில்லை.

எஸ்தரின் பெயரை எடுக்காமல், என் செட்டிங்தான் காரணமாக இருக்கலாம் என்று ஈஸ்வரமூர்த்தியிடம் சொன்னேன். அவர் யோசிக்காமல், அப்படியானால் பாட்டையே நிறுத்திவிடலாம் என்றார். சோதித்துப் பார்க்க ஒரு மணி நேரம் எனக்குத் தரும்படி கேட்டேன். பாட்டைக் காப்பாற்றத்தான் என்றதும் எஸ்தரும் அந்தச் சோதனைக்கு உட்காரச் சம்மதித்தார்.

5. ஐந்து ஊசிகளும் ஐந்து கோடுகளும்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. எல்லா மிஷின்களும் ஓட, பாட்டும் ஓட, எஸ்தர் கழிவுத் துணியைத் தைத்தார். காதர் பாயின் கையில் ஐந்து ஊசிகள். மூன்று நல்லவை, மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தவை. எதை மாட்டுகிறார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஊசி உரசுவது கேட்டால் எஸ்தர் கையைத் தூக்க வேண்டும்.

கண்ணாடி போல ஒலித்த என் செட்டிங்கிலேயே முதல் சுற்று. ஐந்து ஊசியும் மாறின. எஸ்தரின் கை ஒருமுறைகூட எழவில்லை. ஈஸ்வரமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வளைந்த ஊசி ஒன்றை மாட்டியே வைக்கும்படி காதர் பாயிடம் சைகை காட்டிவிட்டு, நான் ஈக்குவலைசரைத் திறந்தேன். திரையில் ஐந்து கோடுகள்: இடப்பக்கம் கனத்த ஒலி, வலக்கோடியில் கூர்மையான ஒலி. வலக்கோடியில் இருந்ததை இறக்கினேன். கை எழவில்லை. அதற்கு அடுத்ததையும் இறக்கினேன். எஸ்தர் தலையைச் சற்றுச் சாய்த்தார். கை பாதி எழுந்து, சந்தேகத்தில் திரும்பிவிட்டது.

"ஜால்ராவ இன்னுங் கொஞ்சம் பின்னால தள்ளுங்க மேடம்" என்றார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டையும் முழுதாக இறக்கி, நடுக்கோட்டைக் கொஞ்சம் ஏற்றினேன்; குரல் இருப்பது அங்கேதான். ஜால்ரா பின்வாங்கியது, பாடகர் முன்னே வந்தார், இருவருக்கும் இடையில் ஓர் இடைவெளி பிறந்தது. காதர் பாய் ஐந்து ஊசிகளையும் மறுபடி ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார். எஸ்தரின் கை எழுந்தது. அடுத்த இரண்டுக்கும் எழவில்லை. நான்காவதற்கு எழுந்தது. ஐந்தாவதற்கு இல்லை. காதர் பாய் கழற்றிய ஊசிகளை உள்ளங்கையில் வரிசையாக வைத்து ஈஸ்வரமூர்த்தியிடம் நீட்டினார். எஸ்தரின் கை எழுந்தது வளைந்த இரண்டுக்கு மட்டும்தான்.

ஈஸ்வரமூர்த்தி அந்த ஊசிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஐந்தும் ஒன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

"எங்க ஊட்டுல குக்கர் விசிலே எனக்குக் கேக்காதுன்னு சொல்லுவாங்க. இந்தப் புள்ளைக்கு ஊசி ஒரசறது கேக்குதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பறமென்ன, திங்கக்கெழம லைனப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்றார்.

குறை அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்பதில் அவருக்குச் சிறிது தயக்கம் இருந்தது. தைப்பவர் என்றும் போட முடியாது, மெக்கானிக் என்றும் போட முடியாது. நானே பேனாவை வாங்கி 'நல அலுவலர்' என்று எழுதினேன். அதுவரை அந்தக் கட்டத்தில் என் பதவி இடம்பெற்றதில்லை என்று அவர் மரியாதையோடு தெரிவித்தார்.

அந்தக் கோடுகளின் நிலையைப் போனில் 'எஸ்தர்' என்ற பெயரிலேயே பதிந்து வைத்தேன். அடுத்த வாரப் பெட்டியில் நான்கு சீட்டுகள் கிடந்தன. நான்கிலும் ஒரே கேள்வி: ஜால்ரா எங்கே போனது? ஊசிக்கு இடம் விட்டு நகர்ந்திருக்கிறது என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அதன்பின் அந்தக் கேள்வி வரவில்லை. நூல் தரம், கழிப்பறைத் தாழ்ப்பாள், குடிநீர் என்று வேறு கேள்விகள் வந்தன. பெட்டி பிறகு காலியாக இருந்ததில்லை.

எஸ்தர் இரண்டாம் லைனின் சூப்பர்வைசரானார். நான் அங்கே இருந்தவரை பாட்டு நிற்கவில்லை. ஃபேன் ஆனாலும், லைட் ஆனாலும், பாட்டே ஆனாலும், ஹாலில் எதை மாற்றுவதற்கு முன்பும் அங்கே தைக்கிற ஒருவரை உட்காரவைத்து, மிஷின் ஓடும்போது சோதித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.