பத்து எண்ணும் வரை

சரித்திர டீச்சருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'எக்ஸ்பிரஸ்'. பேச ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்கமாட்டார். அவர்தான் பதினோராம் வகுப்புக்கு, மனிதர்களைப் பேட்டி எடுத்து அவர்கள் அனுபவத்தைப் பதிவு செய்யச் சொல்லிக்கொடுத்தார்.

"கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடிக்கோங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. பதினொண்ணுலதான் நிஜம் வரும்." சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த சாக்பீஸ் நாலு துண்டாகியிருக்கும்.

அந்த வருடத் தலைப்பு, மூடிப்போன பஸ் டிப்போ. முன்பெஞ்சு மாணவி பேட்டிக்குப் பிடித்த ஆள் டீச்சரின் கணவர். அங்கே டிரைவராக இருந்தவர், ஒன்பது வருடத்துக்கு முன் திடீரென்று வேலையை விட்டார். அப்புறம் சைக்கிளைக்கூடத் தொடவில்லை. ஏனென்று டீச்சர் கேட்காத நாளில்லை. கேட்ட கையோடு, "உடம்பு முடியலையா? மேலதிகாரியோட சண்டையா?" என்று பதிலையும் அவரே சொல்லிவிடுவார். மனிதர் 'ம்' என்பதோடு சரி.

"எவ்வளவு நேரம் பேசினாரு?"

"ஒண்ணே கால் மணி நேரம், டீச்சர்."

டீச்சருக்கு வயிறு எரிந்தது. ரெக்கார்டருக்குக் கையை நீட்டினார். மாணவி தயங்கியபடி, அதோடு கணவர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவத்தையும் கொடுத்தாள். அதில் எழுதியதை யாரும் மீறக்கூடாது என்பது டீச்சரே போட்ட சட்டம். 'நிபந்தனை' என்ற இடத்தில் கணவருடைய கோணல் எழுத்து: 'என் மனைவிக்குப் போட்டுக்காட்ட வேண்டாம். நானே சொல்லணும்.'

அதன்பின் டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேறு வகுப்புக்குள் நுழைந்து பாதிப் பாடம் நடத்திவிட்டார். ரெக்கார்டர் கைப்பையிலேயே இருந்தது, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். விரல் இரண்டு தடவை அதுவரை போய் வந்தது. கடைசியில் அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மாணவியிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

கணவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ஓட்டறதை ஏன் விட்டீங்க?" கேட்டுவிட்டு மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார்.

நாலில் நாக்கு துறுதுறுத்தது. ஏழில் 'உடம்பு' என்ற சொல் தொண்டைவரை வந்தது, விழுங்கினார். பத்து போயிற்று, பதினொன்றும் போயிற்று. பிள்ளைகளிடம் பொய்தான் சொல்லியிருக்கிறோம் என்று எரிச்சலாக வந்தது. நாற்பத்து மூன்றில் கணவர் துண்டைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நான் ஓட்டிட்டு இருக்கும்போது நீ ஃபோன் பண்ணினே. எடுத்துட்டேன். பேசிட்டே இருந்தே. குறுக்கே ஒரு குழந்தை வந்ததைப் பார்க்கல. குழந்தைக்கு ஒரு சாண் முன்னாடிதான் வண்டி நின்னுச்சு. உன்னாலன்னு நெனச்சுக்குவியேன்னுதான் சொல்லல."

டீச்சர் இப்போது எண்ணவில்லை. கணவர் கீழே வைத்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.