கண்ணைத் திறந்துகொண்டு ஒரு செபம்

கண்ணிவெடி அகற்றுகிறவளுக்கு முதலில் தேய்வது முழங்கால். செபமாலை சொல்லுகிறவளுக்கும் அதே முழங்கால்தான். நான் இரண்டையும் செய்கிறவள். காலையில் வேலை வாகனத்தில் ஏறும்போது எனக்கிருக்கும் ஒரே வேண்டுதல், பின்னேரம் இரண்டு காலோடும் இறங்கவேண்டும் என்பதுதான். என் கணவர் காய்ச்சலில் போனபிறகு மகளுக்கு நான் மட்டும்தான். நீங்களும் எதையாவது நினைத்துப் பயந்து பயந்து வேலைக்குப் போகிற ஆள் என்றால் வாருங்கள், கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்து கதைப்போம். ஒன்று வெடித்தால் ஒருவரோடு போகட்டும் என்று, எங்கள் வேலையிடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க விடமாட்டார்கள்.

முதல் கிழமை

வேலை இப்படித்தான்: ஒரு ஆள் படுக்கிற அகலத்தில் ஒரு பாதை, அதன் நுனியில் குறுக்கே ஒரு சிவப்புத் தடி. தடிக்கு இந்தப் பக்கம் பார்த்து முடித்த நிலம். அந்தப் பக்கம் என்ன கிடக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டர் கருவி கத்தினால் முழங்காலில் நின்று, பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுக்கவேண்டும். கத்துவது பெரும்பாலும் ஆணியாகவோ பழைய கரண்டியாகவோ இருக்கும். ஆனால் அது ஆணி என்று தெரியும்வரைக்கும் அது ஆணி இல்லையே.

முதல் கிழமை, கருவி கத்தியவுடன் என் கண் தானாக மூடிக்கொண்டது. செபம் என்றால் கண்ணை மூடு என்றுதானே சின்ன வயதிலிருந்து பழக்கினார்கள். கை மண்ணில் கிடக்க, நான் மாதாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் விசில் ஊதியது. எங்கள் சுப்பவைசர் யோகா அக்கா. மலையகத்திலிருந்து வந்து முரசுமோட்டையில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. முருக பக்தை, தலைக்கவசத்துக்குக் கீழே எப்போதும் திருநீறு இருக்கும். என்னை, வேலை நிலத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே கூப்பிட்டு நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"கும்பிடு, ஆரும் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா உள்ளுக்கு இருந்தாக் கண்ணைத் திறந்துகொண்டு, எனக்குக் கேக்கிற மாதிரிச் சத்தமாக் கும்பிடு. சத்தம் நிண்டா நான் விசிலடிப்பன்."

சீமெந்து நிலம்

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் முழங்காலில் நிற்கிற நேரம் வந்தது. நானும் குனிந்தேன். குனிந்தவள் சும்மா நிற்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த சீமெந்து நிலத்தை உள்ளங்கையால் மெல்லத் தடவி, ஓரங்களை விரலால் பார்த்து, அதன்பிறகுதான் ஒரு முழங்காலை வைத்தேன். பக்கத்தில் நின்ற மனிசி, கட்டெறும்பாக்கும் என்று தன் சேலையைத் தூக்கிக்கொண்டு விலகினார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

எங்கள் அம்புலன்ஸ் ஓட்டுநர் மரியதாஸ் அண்ணையும் அதே கோயில்தான். நாள் முழுக்க வண்டியின் மூக்கை றோட்டைப் பார்க்க விட்டுவிட்டு, தனக்கு வேலை வரக்கூடாதென்று செபித்துக்கொண்டிருப்பதுதான் அவருடைய வேலை. பூசை முடிந்து வெளியே வந்தபோது கிட்ட வந்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"வெக்கப்படாதை மெற்றில்டா. நான் பூசைக்கு வந்தாலும் மோட்டச்சைக்கிளை றோட்டைப் பாக்கத் திருப்பித்தான் விடுறனான்."

காணிக்காரர்

கண்ணிவெடிக்கு அடுத்தபடியாக நாங்கள் பயப்படுவது, அந்த நிலத்துக்குச் சொந்தமான காணிக்காரர்களுக்கு. கயிற்றுக்கு வெளியே வந்து நின்று, "எப்ப முடியும்?" என்று கேட்பார்கள். அவர்களும் பாவம், தங்கள் கிணற்றைத் தாங்களே தூரத்தில் நின்று பார்க்கிற ஆட்கள். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் கை தானாக வேகம் எடுக்கும், அதுதான் பயம்.

ஒரு ஐயா அடிக்கடி சைக்கிளில் வருவார். ஒருநாள் அவர் வந்த நேரம், எடுத்த வெடி ஒன்றை வெடிக்கவைத்தோம். சத்தம் கேட்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு அப்படியே குந்திவிட்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்போது முடியும் என்று கேட்பார் என்றே எதிர்பார்த்தேன். தண்ணீரைக் குடிக்காமல் என் காலில் இருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உங்கட காலைக் குடுத்து எனக்கு இந்தக் காணி வேண்டாம். அவசரப்படாம ஆறுதலாச் செய்யுங்கோ. நான் மல்லாவியில மகளோட இருக்கிறன், ஒரு குறையுமில்லை."

பயம் போன நாள்

பிறகு எங்கள் கோயிலில் ஒரு தியானம் நடந்தது. வந்த குருவானவர் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்துச் செபித்தார். என் முறை வந்தபோது, "ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துவிடும்" என்று அழுதேன். எடுத்துவிட்டார். உண்மையாகத்தான் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை வாகனத்தில் ஏறும்போது அந்த வழக்கமான வேண்டுதல்கூட நினைவுக்கு வரவில்லை. ஆண்டவர் தருவதாகச் சொன்ன சமாதானம் இதுதான் என்று பூரித்துப் போனேன்.

பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தேன். கருவி கத்தியது. ஆணியாகத்தான் இருக்கும் என்று குனிந்தேன். விசில் ஊதியது. ஏன் ஊதுகிறார் என்று எரிச்சலோடு கீழே பார்த்தேன். என் இடது முழங்கால் சிவப்புத் தடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அதை எப்படி எடுத்து இந்தப் பக்கம் வைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஒன்றும் வெடிக்கவில்லை. வெளியே வந்தபோது யோகா அக்காவின் உதடு வெளுத்திருந்தது.

"உன்ர யேசுசாமியிட்டப் போய், எடுத்த பயத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேள். அது வந்தாப் பிறகுதான் உன்னை உள்ளுக்கு விடுவன்."

பாதிச் செபம்

கேட்கத் தேவையிருக்கவில்லை, அது தானாகவே வட்டியோடு வந்துவிட்டது. யோகா அக்காவும் என்னை உள்ளே விட்டார். அடுத்த கிழமை ஒருநாள் முற்பகல், கருவி கத்திய இடத்தில் மண்ணை எடுத்தேன். பச்சை நிறப் பிளாஸ்ரிக் விளிம்பு ஒன்று தெரிந்தது. ஆணி இல்லை. வேலையை நிறுத்தி, எழும்பி, வந்த பாதையாலேயே திரும்பிப் போகவேண்டும். பாடமாகத் தெரிந்த விசயம். கால் எழும்பவில்லை. சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்த "அருள் நிறைந்த மரியே" செபமும் நின்றுவிட்டது. பேசப் பழகின காலத்திலிருந்து சொல்லும் செபத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. மகளின் முகம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

விசில் ஊதியது. மறுபடியும் ஊதியது. ஒரு பாதைக்குள் ஒரு ஆள்தான் நிற்கலாம், அதனால் யோகா அக்கா உள்ளே வர முடியாது. கயிற்றடியில் நின்றபடி என் செபத்தை அவர் சொல்லத் தொடங்கினார். நாளும் பொழுதும் என் வாயால் கேட்டுக் கேட்டு அவருக்கும் பாடமாகியிருந்தது. பாதியில் நின்றார். "மிச்சம் எனக்குத் தெரியாது பிள்ளை, நீ சொல்லு. சொல்லிச் சொல்லி வா." நான் அடுத்த வரியைச் சொன்னேன். ஒரு கால் பின்னால் வந்தது. "பிறகு?" என்றார். சொன்னேன். மற்றக் கால் வந்தது. பயம் எள்ளளவும் குறையவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

கயிற்றைத் தாண்டியதும் யோகா அக்கா தலைக்கவசத்தைக் கழற்றினார். வியர்வையில் திருநீறு முழுக்கக் கரைந்திருந்தது. என் கையைவிட அவர் கை மோசமாக நடுங்கியது. அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"திரும்ப ஒருக்கா முழுசாச் சொல்லு மெற்றில்டா. இந்த முறை எனக்காக."

சமாதானத்தை நான் இவ்வளவு காலமும் மேலே பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தேன். அது விசிலும் கையுமாகப் பின்னால் நின்று, தானும் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.