மூன்றாவது அழைப்பு

ஈரானில் கூமிஸ் இடிபாடுகளுக்கு நுஸ்ரத்தான் காவல். ஒரு காலத்தில் பார்த்திய அரசர்களின் ஊர். நூறு வாசல் நகரம் என்று பெயர் மட்டும் பெரிது. இப்போது வாசல் ஒன்றுகூட இல்லை, மழையில் கரைந்த மண்மேடுகள்தான். தாம்கான் நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி வருகிறவர்கள் காரைவிட்டு இறங்கியதும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"ஊர் எங்கங்க இருக்கு?"

"அது மேலதாங்க நிக்கிறீங்க. பாத்து மிதிங்க, ராஜா தூங்குறாரு."

ஐம்பத்தேழு வயதில் அவனுக்குக் கிடைத்த பேச்சுத்துணை இவ்வளவுதான். மனைவி தாஹிரா இறந்து நாலு வருஷம். கரஜ் நகரத்தில் இருக்கும் மகள் வெள்ளிக்கிழமைகளில் போன் செய்து, "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்" என்பான். பொய்யில்லை. ஆட்டிறைச்சியும் கொண்டைக்கடலையும் இன்னமும் இரண்டு பேருக்குத்தான் வேகவைக்கிறான். குறைக்கக் கை வரவில்லை. வருகிறவர்களில் யாராவது ஒருத்தர் கூட உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

அதில்தான் சிக்கல். அந்த நாட்டில் யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடுவார்கள், ஆனால் உடனே போய் உட்கார்ந்துவிடக் கூடாது. இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாவதாகவும் கூப்பிட்டால்தான் மெய்யான அழைப்பு. நுஸ்ரத் ஒருமுறை ஒரு குடும்பத்தை ஏழு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். அந்தக் குடும்பம் பயந்துபோய்க் காருக்கு ஓடிவிட்டது.

அன்று மதியம் பர்விஸும் அவர் மனைவி மஹினும் வந்தார்கள். பர்விஸ் முப்பது வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். மேடுகளைச் சுற்றிப் பார்த்தபின் நிழலில் விரிப்பைப் போட்ட மஹின் அவனைப் பார்த்தாள்.

"அண்ணே, வாங்க, சேந்து சாப்பிடலாம்."

"ரொம்ப நன்றிம்மா, உங்க கை வலிக்காம இருக்கட்டும். நீங்க சாப்பிடுங்க."

"அட, நிறைய இருக்குண்ணே."

"எதுக்கும்மா உங்களுக்குத் தொந்தரவு."

மனசு வா வா என்றது, நாக்கு பழக்கதோஷத்தில் வேண்டாம் என்றது. பரவாயில்லை, மூன்றாவதற்கு "சரி" சொல்லிவிடலாம். மஹினும் வாயைத் திறந்தாள்.

"அதான் ரெண்டு தடவை வேணாம்னுட்டாரே," என்றார் பர்விஸ். "அந்த மனுசனை நிம்மதியா விடு மஹின்."

நுஸ்ரத் காவல் அறைக்குத் திரும்பினான். பானையைத் திறந்தான், மூடினான். வெளியே அவர்கள் பேசிச் சிரிப்பது கேட்டது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். போய்ச் சேர்ந்தபோது அவர்கள் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க மூணாவது தடவை கூப்பிடவே இல்லையே," என்றான்.

மஹின் சிரித்தாள். அவன் சாப்பாட்டுப் பானையோடு வந்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எல்லாம் உன்னாலதான் பர்விஸ்!" என்று விரிப்பை மறுபடி போட்டாள்.

"எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சு," என்றார் பர்விஸ். ஆனாலும் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துச் சாற்றில் தோய்த்து வாயில் போட்டார்.

"உப்பு பத்தல."

மஹின் அவர் தொடையைக் கிள்ளினாள். கூப்பிட்ட வீட்டில் யாராவது இப்படிச் சொல்வார்களா? நுஸ்ரத்தின் முகமோ மலர்ந்துவிட்டது. நாலு வருஷத்தில் அவன் சமையலைக் குறை சொல்ல ஓர் ஆள் இருந்ததில்லை.

"இருங்க, இருங்க, எந்திரிச்சிராதீங்க" என்று உப்பெடுக்க ஓடினான். பாதி வழியில் திரும்பிப் பார்த்தான்.

இருந்தார்கள்.