ஆதிகேசவன் பாட்டில் முத்துராஜ் போட்ட வலை

கோட்டைக்குப்பம் ஆதிகேசவன் என் சின்னம்மா மகன். முத்துராஜ் எங்கள் இருவருக்கும் மாமன் மகன். ஆதி ஒரு சட்டை எடுத்தால் முத்துராஜ் அதே துணியில் இரண்டு எடுப்பான். முத்துராஜ் வீட்டுக் கூரைக்குப் புது ஓலை வந்தால் அன்றைக்கு ஆதிக்குச் சோறு இறங்காது. மச்சான் முறை என்பதால் இரண்டு பேரும் அதைக் கேலி என்று சொல்லி மூடிக்கொள்வார்கள்.

ஆதி இளவயதில் சரக்குக் கப்பலில் சமையல்கட்டு ஆளாகப் போனவன். இங்கிலாந்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் மழைக்கு ஒதுங்கியது ஒரு பிளேட்டுக் கடை. பாடுகிற பிளேட்டுதான். கடைக்காரன் ஒன்றை எடுத்துக் காட்டி "நியூ வேவ்" என்றிருக்கிறான். அந்த ஊரில் அது ஒரு பாட்டு வகையின் பேர். வேவ் என்றால் அலை என்பது வரைக்கும் ஆதிக்கு இங்கிலீஷ் தெரியும். புது அலையா, அப்படியானால் நம்மைப் போலக் கடற்கரை சனங்கள் பாடியதுதான் என்று நம்பி வாங்கிவிட்டான். அட்டையில் ஆள் படம் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரு சுவர், அவ்வளவுதான்.

ஊர் திரும்பி மைக்செட் வைத்தான். அதில் பிளேட்டைச் சுற்றவைக்கும் மிஷினில், வேகம் மாற்றுகிற திருகு உப்புக்காற்றில் இறுகி, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த மிஷினில் இங்கிலாந்துப் பிளேட்டைப் போட்டால் அடிவயிற்றிலிருந்து ஒரு ஆம்பளைக் குரல் இழுத்து இழுத்துப் பாடும். பின்னால் தொம், தொம் என்று மேளம். கரைவலை இழுக்கிற காலடிக்கு அளந்து அடித்ததுபோல் இருக்கும். இவனும் வலை இழுக்கிறவன்தான் என்று ஊரே ஒத்துக்கொண்டது. அதற்குப் பிறகு குப்பத்தில் எந்தப் படகைத் தண்ணீரில் இறக்கினாலும் ஆதியின் பிளேட்டு பாடும், அதன் அடிக்கு ஊர் கயிறு இழுக்கும். நாற்பது வருஷம் இப்படி நடந்தது.

போன தை மாதம் முத்துராஜ் புதுப் படகு வாங்கினான். சென்னையில் வேலை பார்க்கும் அவன் மகள் நந்தினி அதே பிளேட்டைப் புதிதாக வாங்கி வந்தாள். கம்பெனிக்காரன் மறுபடி அச்சுப் போட்டிருக்கிறானாம். நீல நிறத்தில் கண்ணாடிபோல் மினுக்குகிறது. உள்ளே படம் போட்ட புத்தகம். முன்னே வெளிவராத மூன்று பாட்டு கூடுதல். கூடவே பளபளவென்று ஒரு மிஷின்.

குப்பத்தை ஒட்டிய ஏரியில் மீன் பிடிக்க எங்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு இந்த இடம் இன்னார் பாடு என்றால், வேறு எவனும் அங்கே வலை போடக் கூடாது. போட்டால் அடிதடிதான். ஆதி தெருவில் நின்று கத்தினான்.

"என் பாட்டுல எவன்டா வலை போட்டது?"

முத்துராஜ் ஜன்னலில் தலையை நீட்டினான். "எந்தப் பாட்டுல மச்சான்? இந்தப் பாட்டு கடையில விக்குது. யாரு வோணா வாங்கலாம். என் படகு என் பிளேட்டுக்குத்தான் எறங்கும்!"

படகு இறங்கும் நாளில் ஆதி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஊரு அவன் பிளேட்டுக்கு இழுத்துட்சுனா அப்புறம் நான் யாரு? வெறும் கெழவன்தானே?" என்று மனைவி கஸ்தூரியிடம் கேட்டான்.

கரையில் முத்துராஜின் பிளேட்டு சுற்றியது. பாட்டு துரத்தி அடித்ததுபோல் ஓடியது. அதில் பாடியது பொம்பளைக் குரல். இழுத்தவர்களுக்குக் கால் பின்னிக்கொண்டது. ஒருவன்மேல் ஒருவன் விழுந்தான். படகின் மூக்கு மணலில் குத்தி ஒருக்களித்து நின்றது.

"இன்னாபா இது, பொம்பள கத்துது!"

"முத்துராஜு தலையில டூப்பு பிளேட்ட கட்டிட்டானுங்கடா!"

ஆளனுப்பி ஆதியை அழைத்தார்கள். ஆதி எப்போதோ குளித்துச் சலவைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தான். அவன் பிளேட்டைப் போட்டான். தொம், தொம். படகு வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் உட்கார்ந்தது. முத்துராஜ் தேங்காய் உடைக்கக்கூட மறந்து நின்றான்.

அப்போது நந்தினி புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு வந்தாள். அதில் ஒரு படம். முடியை முள்ளுமுள்ளாக நிறுத்தி, மைக் முன்னால் ஒரு பொம்பளை.

"மாமா, இவங்கதான் பாடுனது. உங்க பிளேட்டுலயே நிமிசத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்துனு போட்டுகீது பாருங்க. உங்க மிஷினு முப்பத்திமூணுலதான் சுத்துது. இத்தினி வருசமா இவங்கள மெதுவா பாடவெச்சு ஆம்பளையாக்கிட்டீங்க."

ஊர் அதை நம்பவில்லை. டூப்புதான் என்று இன்றைக்கும் சாதிக்கிறது. ஆனால் ஆதி எழுத்தைப் பார்த்துவிட்டான். அன்று வென்ற முகம் பொழுது சாய்வதற்குள் கருத்துப்போயிற்று. தன் பாட்டுக்குள்ளேயே தான் பார்க்காத ஒருத்தி இருந்திருக்கிறாள், அவள் குரலைத் தனக்கு முன்னால் முத்துராஜ் கேட்டுவிட்டான் என்பது அவன் வயிற்றில் கங்காகக் கிடந்தது.

கஸ்தூரிக்கு வேறு எரிச்சல். "ஆம்பளனு நெனச்சுதான் இத்தினி வருசம் கம்முனு கெடந்தேன். இனிமே அந்த அட்ட என் கட்டிலாண்ட இருக்கக் கூடாது, சொல்ட்டேன்."

ஆதி திருகில் எண்ணெய் விட்டுப் பார்த்தான். சுத்தியலால் தட்டியும் பார்த்தான். அது அசையவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு முத்துராஜ் வாசலுக்குப் போனான்.

"மச்சான், ஒரே ஒரு வாட்டி போடேன்."

"டூப்புதானே மச்சான்? உனக்கு எதுக்கு?"

சொந்தப் படகு அடுத்தவன் பிளேட்டுக்கு இறங்கிய சூடு அவனுக்கு.

இப்போது தினமும் சாயங்காலம் ஆதி ஒரு கிழிந்த வலையை எடுத்துக்கொண்டு முத்துராஜ் ஜன்னலுக்கு எதிரே உட்காருகிறான். முத்துராஜும் சரியாக அந்த நேரத்துக்குப் பிளேட்டைச் சுற்றவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஆதிக்குத் தெரியும்படி தலையாட்டுகிறான். வெளியே ஒரு சத்தம் வராது. அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டே, அவள் எவ்வளவு வேகமாகப் பாடுகிறாள் என்று ஆதி காலால் மணலில் தட்டிப் பார்க்கிறான்.