ஸ்தெபானோவிச்சின் பேருந்து பின்னால் போகாது

பேசும்போது மிரோன் ஸ்தெபானோவிச் யார் முகத்துக்கு நேராகவும் நிற்பதில்லை. பக்கவாட்டில் வந்து நிற்பார். இடது கையின் இரண்டு விரல்கள் நம் முழங்கைக்குச் சற்று மேலே வந்து உட்காரும். பிடிக்க மாட்டார், அழுத்த மாட்டார், சும்மா வைத்திருப்பார். கண் மட்டும் வேறெங்கோ தொலைவில் இருக்கும். நாம் அரையடி நகர்ந்தால் விரல்களும் கூடவே நகரும். கால்பந்தில் தடுப்பாளராக ஆடிய காலம் முழுக்க எதிரணியின் ஃபார்வர்டுகளை அப்படித்தான் காவல் காத்தார். ஆட்டத்தை விட்டு எங்கள் அணியின் பயிற்சியாளர் ஆன பிறகும் விரல்கள் வேலையை விடவில்லை. சந்தையில் பீட்ரூட் விற்பவளுக்கும் கோயிலில் பாதிரியாருக்கும் அதே காவல்தான்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த மனுஷன் கையை எடுக்கவே இல்ல. நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்?” என்பார் அவர் மனைவி ரொமானா.

“ஓடிப்போயி கோல் போட்டவன் எல்லாம் அப்படிக் கேட்டவன்தான்,” என்பார் இவர்.

“கண்ணு பந்து மேல, கை ஆளு மேல.” பயிற்சியில் அவர் நடத்தும் மொத்தப் பாடமும் இதுதான். போர் தொடங்கிய பிறகு, ஆட்டத்தின் நடுவே விமானத் தாக்குதல் சைரன் ஒலித்தால், பள்ளிக்கூட நிலவறையின் வாசலில் நின்றுகொண்டு, இறங்கும் பையன்களை ஒவ்வொருவராக முழங்கையில் தொட்டு உள்ளே விடுகிறார். எதிரணிப் பையன்களையும்தான்.

மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வலது காதின் மேல்மடிப்பு இருக்காது. இரண்டும் கஸக்ஸ்தானில் ஆடிய ஒரே ஒரு பருவத்தின் சம்பளம் என்பார். அங்கிருந்து கொண்டுவந்த இன்னொன்று, தேநீரில் பால் ஊற்றிக் குடிக்கும் பழக்கம். பாலில்லாத தேநீரே பழகிய எங்கள் ஊரில் அதைப் பார்த்து முகம் சுளிக்காதவர் கிடையாது. தேசிய அணிக்கும் ஒருமுறை அழைப்பு வந்தது. “கூப்பிட்டாங்க, போனேன், உக்காந்தேன். நல்ல சீட்டு, மழை படல,” என்று மட்டும் சொல்வார். பத்திரிகையில் படம் வந்திருக்கிறதா என்று யாராவது கேட்டுவிட்டால் உற்சாகமாகிவிடுவார். “எக்கச்சக்கமா வந்திருக்கு. கோல் போட்டவன் கையைத் தூக்கிட்டு ஓடுவான் பாரு, அவனுக்குப் பின்னால தரையில கெடக்கறது நான்தான்.”

எதற்கும் அஞ்சாத அந்த மனிதர் ஒன்றே ஒன்றுக்கு அஞ்சுவார். ஆட்டத்துக்குப் போகும் அணியின் பேருந்து பின்னோக்கி நகரக் கூடாது, நகர்ந்தால் தோல்வி. எங்கள் நாட்டில் எல்லா அணிகளுக்கும் இருக்கும் பயம்தான். மற்றவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே கடைப்பிடிப்பார்கள். இவருக்கு அதில் சிரிப்பே கிடையாது. பேருந்தை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கமாக வெளியே எடுப்பது என்று முந்தின நாளே ஓட்டுநர் ஹவ்ரிலோவோடு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் ஹவ்ரிலோ தெரியாமல் ஒரு முழம் பின்னால் எடுத்துவிட்டார். அன்று மூன்று கோலில் தோற்றோம். அதன் பிறகு ஒரு மாதம் ஸ்தெபானோவிச் ஹவ்ரிலோவுடன் பேசவில்லை. இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பர்கள்.

போருக்கு முந்தைய ஒரு ஜூன் மாதம். நான் அந்த அணியின் மாற்று கோல்கீப்பர். பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்ப்பதுதான் என் வேலை. பருவத்தின் கடைசி ஆட்டம் வெளியூரில். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோம். இறங்கினால் சங்கத்தை மூடிவிடுவேன் என்று, அதை நடத்திவந்த ரொட்டி ஆலை முதலாளி சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய ஆட்டத்தில்தான் எங்கள் நடுத்தடுப்பாளன் ஸேனிக் ஒரு சேம்சைடு கோல் போட்டிருந்தான். குறுக்கே வந்த பந்தைத் தட்டிவிடப் போனவன் எங்கள் வலைக்குள்ளேயே தட்டிவிட்டான். சொந்த ஊர்க்காரர்களே அவனைப் பேர் சொல்லித் திட்டினார்கள். அவனை உட்காரவை என்றார் முதலாளி. “அவன்தான் ஆடுவான்,” என்றார் ஸ்தெபானோவிச்.

ஸேனிக்குக்கே அதில் விருப்பமில்லை. இந்த ஓர் ஆட்டம்தான், பிறகு போலந்துக்குப் போய் மச்சானோடு டைல்ஸ் ஒட்டப் போகிறேன், பந்தைத் தொடவே மாட்டேன் என்று எங்களிடம் சொல்லியிருந்தான். அன்று பேருந்தின் கடைசி இருக்கையில், வாந்திக்காக ஒரு பையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் பயம் எங்கள் எல்லோருக்கும் தொற்றியிருந்தது.

பாதி வழியில் ஹவ்ரிலோ ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பினார். ஒரு பக்கம் மீன்குளம், மறுபக்கம் வேலி. சந்தின் முடிவில் ஒரு வீடு, செர்ரி மரங்கள். அதற்கப்பால் வழியில்லை. வண்டியைத் திருப்பவும் இடமில்லை.

“கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு?” என்று கத்தினார் ஸ்தெபானோவிச். எதற்கும் எதிர்த்துப் பேசும் ஹவ்ரிலோ அன்று தலையைக் குனிந்துகொண்டார்.

“எல்லாரும் இறங்குங்கடா! பை, பந்து, ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டு! வண்டி பின்னால போறப்ப ஆடறவன் ஒருத்தனும் உள்ள இருக்கக் கூடாது!”

“நீங்க?” என்றேன்.

“நான் எங்க ஆடறேன்? வர்றது எனக்கு வந்துட்டுப் போகட்டும்.” நேராகக் கடைசி வரிசைக்குப் போய் ஸேனிக்கின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

பைகளைச் சுமந்துகொண்டு நாங்கள் செர்ரி மரத்தடியில் நின்றோம். சிவப்புத் துணியைத் தலையில் கட்டிய ஒரு பெண்மணி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“இத்தனை தடிமாடுங்க இருக்கீங்க, ஒரு வண்டியைத் திருப்பத் தெரியலையா?”

“ஃபுட்பால் டீம்மா.”

“அதான் பாத்தாலே தெரியுதே. டேய் நெட்டையா, சும்மாதானே நிக்கறே? உச்சாணிக் கொம்புல இருக்கறது எனக்கு எட்டல. பறிச்சுக் குடு. கொம்பை ஒடிச்சே, உன் கையை ஒடிச்சிருவேன்.”

நெட்டையன் ஸேனிக்தான். வாந்திப் பையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம் விழித்தான். பிறகு அதிலேயே செர்ரிகளைப் பறித்துப் போட்டான். எங்கள் கேப்டன் கீழே நின்று, “மேல வர்ற பந்தையும் இப்படி எடுத்தீன்னா நமக்கு ஏன்டா இந்தக் கதி?” என்றான். பதிலுக்கு ஒரு செர்ரிக் கொட்டை பறந்துவந்து அவன் நெற்றியில் பட்டது. யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை. பேருந்து சந்திலிருந்து பின்னோக்கி ஊர்ந்து வெளியேறியது. நாங்கள் சாலை வரை நடந்தே போனோம், உதடெல்லாம் சிவப்பாக.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. கடைசி நிமிடங்களில் போன வாரத்துப் பந்தே மறுபடி வந்ததுபோல் குறுக்கே ஒரு பந்து வந்தது. ஸேனிக் அதை மைதானத்துக்கு வெளியே, தெருவுக்கே அடித்து அனுப்பினான். நாங்கள் இறங்கவில்லை. அவனும் போலந்துக்குப் போகவில்லை.

சென்ற ஆண்டு ஹவ்ரிலோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த விருந்தில் இரண்டு கோப்பை உள்ளே போனதும் என் பக்கமாகச் சாய்ந்தார்.

“அந்தச் சந்து எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? செர்ரி மரம் என் அக்காவோடது. முந்தின நாள் ஸ்தெபானோவிச் என் வீட்டுக்கு வந்தான். ‘திரும்ப முடியாத சந்து ஒண்ணு சொல்லுடா, பசங்க பயம் தெளிய கொஞ்ச நேரம் மண்ணுல நிக்கணும்’னான். அப்போ ஆட்டத்துக்குப் போற வண்டியைப் பின்னால எடுக்கணுமேடான்னேன். ‘தெரியும்’னான்.”

கோப்பையை மேசையில் வைத்தார்.

“பின்னால எடுக்கறப்ப கண்ணாடியில பாத்தேன். கடைசி சீட்டுல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, சந்து முடியற வரைக்கும் சிலுவை போட்டுக்கிட்டே வந்தான்.”