ஒன்பது வோல்ட் குற்றவாளி

எழுபத்தொன்பதா எண்பதா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் தகராறு இருக்கிறது. ஆனால் ஆடி மாதம், ஆரணியில் ஒரு நெசவாளர் தெருவின் அம்மன் கோயில் வாசல், பொழுது முழுதாகச் சாயாத நேரம் என்பதில் சந்தேகமில்லை. அன்று நான் செத்திருக்க வேண்டும். தப்பித்தேன். அதுகூடப் பெரிதல்ல. மறுநாள் நடந்ததை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்போது நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். பகலில் விதிமுறைகளோடு குடும்பம் நடத்துவேன், சாயங்காலத்தில் எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பேன். சென்னையில் பழையதாக வாங்கிய எலெக்ட்ரிக் கிடார். அந்த நாட்களில் சினிமாப் பாட்டுகளில் கிடார் திடீரென்று உறுமத் தொடங்கியிருந்தது. எங்கள் குழுவில் ஆர்மோனியம் வாசித்த பள்ளி ஆசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "அந்த 'கர்ர்' சத்தம் உங்க கிடார்ல வராதா சார்? நீங்க வாசிச்சா கல்யாண வீட்டு வீணை மாதிரி கீது."

அந்த உறுமலை உண்டாக்குவது காலால் மிதிக்கும் ஒரு சிறு பெட்டி. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். நமக்கு எட்டாது. நூலகத்துக்கு வரும் ஓர் ஆங்கில மின்னணுப் பத்திரிகையில் அதன் சர்க்யூட் படம் கண்ணில் பட்டது. இரண்டு டிரான்சிஸ்டர், நாலைந்து சில்லறைச் சாமான், ஒன்பது வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான். இதற்கா கடல் தாண்ட வேண்டும் என்று, அதற்குமுன் சால்டரிங் அயர்னைக் கையால் தொட்டறியாத நான் வேலையை ஆரம்பித்தேன்.

டிரான்சிஸ்டருக்காக ரேடியோ ரிப்பேர் கடையின் குப்பைக் கூடையைக் கிளறினேன். கடைக்காரர் வேடிக்கை பார்த்துவிட்டு, "செத்த ரேடியோவுல இன்னா சார் தேடறீங்க, உசுரா?" என்றார். உண்மையில் அதைத்தான் தேடினேன். மிதிக்கிற சுவிட்ச் எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் லாரிப் பட்டறையில் கிடைத்தது: முன்விளக்கைத் தாழ்த்தி உயர்த்த டிரைவர்கள் காலால் அழுத்தும் சுவிட்ச். யானை மிதித்தாலும் உடையாது.

எல்லாவற்றையும் ஓர் அட்டையில் பொருத்தி, வீட்டிலிருந்த சின்ன ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, பெருமையாகச் சுவிட்சை அழுத்தினேன். உறுமல் வரவில்லை. நெற்பயிருக்கு மேலுரம் இடுவது எப்படி என்று ஒரு குரல் விளக்க ஆரம்பித்தது. என் பெட்டி வானொலியைப் பிடித்துக்கொண்டிருந்தது! மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "காசு போட்டு வாங்கின ரேடியோ ஒண்ணு மூலையில தூங்குது. நீங்க தனியா வேற ஒண்ணு செஞ்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுபடியும் பத்திரிகையைப் புரட்டினேன். மருந்து இருந்தது. உள்ளே இருப்பதையெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, அந்தப் பெட்டியை, ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வயரின் மேலுறைக் கம்பி வழியாக ஆம்ப்ளிஃபையரின் இரும்பு உடம்போடு இணைத்துவிட்டால் வானொலி வாயை மூடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதில்தான் இருக்கிறது. இரும்புப் பெட்டிக்கு எங்கே போவது? காயலான் கடையில் பழைய மெயின் சுவிட்ச் பெட்டி ஒன்று கிடந்தது. மூடியில் சிவப்பாக மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்பும். சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவிட்சை அழுத்தி ஒரே ஒரு தந்தியை மீட்டினேன். வீடே உறுமியது. பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றது. அந்த வீட்டுக்காரர் ஓடி வந்து, "சார், ஆடு ஏதாச்சும் கேட்டுல மாட்டிக்கிச்சா?" என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சிறந்த பாராட்டு அது.

அந்தப் பெட்டியின் அரங்கேற்றம்தான் ஆடித் திருவிழா. இரண்டு நாள் கச்சேரி.

கோயிலுக்கு எதிரே தரையிலேயே ஜமக்காளம் விரித்திருந்தார்கள். அம்மனுக்கு எதிரில் செருப்புப் போடக்கூடாது என்பதால் எல்லோரும் வெறுங்கால். பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் இழுத்து மைக் செட் கட்டியிருந்தார் மைக்செட்காரர். ஊரில் எந்த விசேஷம் என்றாலும் அவர்தான். அவருடைய பெரிய ஆம்ப்ளிஃபையரில்தான் மைக்குகளும் என் கிடாரும் சேரும். அவர் செட்டைத் தொட்டால் கையில் சுள்ளென்று ஏறும். அதை யாரும் கோளாறாகவே நினைத்ததில்லை. மைக் என்றால் ஷாக் அடிக்கத்தான் செய்யும் என்பது ஊர் வழக்கம். பாடுகிறவர் மைக்கில் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வார். சாமிக்குக் கற்பூரம் மாதிரி, மைக்குக்குக் கைக்குட்டை.

நான் மரநாற்காலியில் காலைத் தூக்கி அதன் சட்டத்தில் வைத்தபடி வாசித்துக்கொண்டிருந்தேன். கச்சேரி நடுவில் பெண்கள் வரிசையாக வந்து அம்மன் வாசலில் மஞ்சள் நீர் ஊற்றினார்கள்; அது எங்கள் பக்கம் ஓடி வந்தது. ஜமக்காளம் சொட்டச் சொட்ட நனைந்தது. நான் உறும வேண்டிய இடம் வந்தது. இடதுகாலை ஈரத்தில் ஊன்றி எழுந்தேன். வலதுகாலால் பெட்டியை மிதித்தேன்.

அதற்குப் பிறகு நினைவிருப்பது வானம் மட்டும்தான். உடம்பு முழுவதையும் யாரோ பிடித்து முறுக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது. ஆர்மோனியம் வாசித்த ஆசிரியர் பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். அவர் ஒரு நொடி யோசித்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

நான் எழுந்து உட்காருவதற்குள் விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது.

"பொட்டி மேல கால வச்சாரு, தூக்கி அடிச்சுது. நானே பார்த்தேன்" என்றார் ஒருவர்.

"அதுலயே மண்டையோடு போட்டுக்கீது பாரு. எமன் அட்ரஸ் எழுதியே வச்சிக்கினு வந்துகிறாரு" என்றார் இன்னொருவர்.

மைக்செட்காரருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. பந்தல் கால் நட வைத்திருந்த கடப்பாரையை எடுத்து வந்து, என் பெட்டியை எல்லோர் முன்னாலும் இரண்டாகப் பிளந்தார். யாரோ கை தட்டினார்கள். உள்ளேயிருந்து பேட்டரி உருண்டு வந்து என் காலடியில் நின்றது. ஒன்பது வோல்ட். நாக்கில் வைத்தால் லேசாகப் புளிக்கும். அதுதான் கொலைகாரனாம்!

"பெட்டியில ஒன்பது வோல்ட்தாங்க இருக்கு. கரண்ட் உங்க ஆம்ப்ளிஃபையர் உடம்புல வருது. வயர் வழியா பெட்டிக்கு வந்திருக்கு. உங்க எர்த் சரியில்ல" என்றேன்.

"இன்னா சார் நீங்க! நான் மைக் செட் கட்டிகினு இருக்கறது இன்னிக்கு நேத்தா? எர்த்து அத்தோ, இரும்புக் கம்பத்துல இறுக்கிக் கட்டிக்கீறேன். ஆபீசுல பேனா புடிக்கிறவரு எனக்கு எர்த்து சொல்லித் தர்றாரு!"

அவர் கை காட்டிய இடத்தில் வெள்ளிப் பெயிண்ட் பளபளக்க ஒரு கம்பம் நின்றது. வயர் அதில் அழகாகச் சுற்றியிருந்தது. எனக்கும் அது இரும்பாகத்தான் தெரிந்தது.

மறுநாள் வேலூரிலிருந்து பாடகி ஒருவர் வரவிருந்தார். வெறுங்கால், ஈரத் தரை, அதே ஆம்ப்ளிஃபையர். அந்த அம்மாள் கையில் மைக்கைக் கொடுக்கப் போகிறார்கள். காலையில் விழாக் குழுத் தலைவரிடம் போனேன். பட்டு ஜவுளிக் கடை முதலாளி. எனக்குத் தெரிந்த முறைப்படி, நடந்ததையும் செய்ய வேண்டியதையும் வரிசை எண் போட்டு மனுவாகவே எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்து விசிறிக்கொண்டார்.

"அந்தப் பொட்டிதான் ஒழிஞ்சுதே சார். மறுபடியும் ஏன் பேஜார் பண்றீங்க? அம்மன் பார்த்துக்குவா."

அம்மனுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள், எர்த் வயரைச் சரிபார்ப்பதைத் தவிர!

மத்தியானம் டெஸ்டரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மைக்செட்காரர் செட்டைப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ளிஃபையரின் உடம்பில் டெஸ்டரை வைத்தேன். விளக்கு சிவப்பாக எரிந்தது. என் பெட்டி அங்கே இல்லை. அது கோயில் குப்பையில் கிடந்தது. "இப்ப யாருங்க ஷாக் குடுக்கறது?" என்று கேட்டேன். "டெஸ்டர்னா எரியும் சார், அதான் அத்தோட வேலை" என்றார். என்ன செய்யச் சொல்கிறீர்கள் இந்த மனிதரை?

நேரே அந்தக் கம்பத்துக்குப் போனேன். அந்தத் தெருவில் தறியில் ஏற்றும் பட்டு நூலை, அதாவது பாவு நூலை, நீளமாக இழுத்துக் கட்டுவதற்காக ஓரமெல்லாம் கம்பங்கள் நட்டிருப்பார்கள். சில இரும்புக் குழாய், சில மரம். தினமும் பார்ப்பவர்களுக்கு எது எது என்று தெரியும். ஆனால் திருவிழாவுக்காக அந்தத் தெரு இளைஞர்கள், அசையாமல் நின்ற எல்லாவற்றுக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சாவிக்கொத்தில் இருந்த சிறு கத்தியால் அந்தக் கம்பத்தைச் சுரண்டினேன். வெள்ளி உரிந்தது. உள்ளே பழுப்பாக நார் நாராக வந்தது. மரம். நல்ல முற்றிய வேப்பமரம்.

மைக்செட்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விழாக் குழுத் தலைவரும் வந்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். மன்னிப்பு வரும் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் படித்தவனின் முட்டாள்தனம்.

"இருந்தா இன்னா? நேத்து பாடினவரு நல்லாத்தானே பாடினாரு?" என்றார் தலைவர். "இப்பப் போயி எல்லாத்தையும் அவுக்க முடியாது. ஜனங்க வந்துகினு இருக்குது."

இதற்குள் பாடகி வந்து சேர்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். நாங்கள் அந்தக் கம்பத்தைச் சுற்றி நின்று சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டே போய், மைக்கை ஒரு விரலால் தொட்டார். விரலை உதறிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"இன்னாண்ணே, சுள்ளுங்குது?"

"கைக்குட்டை சுத்திக்கம்மா, சரியாப் பூடும்" என்றார் மைக்செட்காரர்.

நான் நேற்று நடந்ததைச் சொன்னேன். கம்பத்தைக் காட்டினேன். அந்த அம்மாள் சுரண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க. நான் திரும்பி வீடு போய்ச் சேரணும். அந்த வயர மாத்துங்க, அப்பறமா பாட்டப் பத்திப் பேசலாம்."

"இன்னாம்மா, கச்சேரிக்கு வந்துட்டு..."

"நீங்க புடிங்க அந்த மைக்க. கைக்குட்டை வேணாம், செருப்பு வேணாம், ஈரத்துல நின்னு புடிங்க. நீங்க சிரிச்சிகினு நின்னீங்கன்னா நான் பாடறேன்."

மைக்செட்காரர் பிடிக்கவில்லை. தலைவரும் பிடிக்கவில்லை. நேற்றிலிருந்து என்னிடம் மட்டும் எல்லாம் தெரிந்தவர்களாகப் பேசிய ஒருவர்கூட அந்த மைக் பக்கம் போகவில்லை. அப்படியென்றால் அவர்களுக்கு உள்ளூரத் தெரிந்துதான் இருந்தது. என் மனு செய்யாததை, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாத அந்த அம்மாள் செய்துவிட்டார்.

மைக்செட்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து ஈர மண்ணில் ஆழமாக அடித்து இறக்கினார். எர்த் வயரை அதில் கட்டினார். டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. என் பெட்டியை உடைத்த அதே கடப்பாரைதான். கூரில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

கச்சேரி பிரமாதமாக நடந்தது. முடிந்ததும் தெருவில் இரண்டு செய்தி பரவியது. ஒன்று, வேலூர்ப் பாடகிக்குத் திமிர் அதிகம். அடுத்த வருடம் அவரைக் கூப்பிடவில்லை. மற்றொன்று, கிடார்க்காரர் பெட்டியை எடுத்த பிறகுதான் ஷாக் நின்றது. எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவரே என்னிடம், "கிடார மட்டும் எடுத்துகினு வாங்க சார், அந்தச் சனியன் வேணாம்" என்றார். நான் கிடாரையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

பெட்டி செய்வதை மட்டும் விடவில்லை. அதே லாரி சுவிட்ச் கோயில் குப்பையில் உடையாமல் பிழைத்திருந்தது. அதை வைத்தே இரண்டாவது பெட்டி செய்தேன், பிறகு எதிரொலிக்கு ஒன்று, சத்தத்தை நடுங்க வைக்க ஒன்று. பணி ஓய்வு பெற்ற பிறகும் மேசையில் ஏதாவது ஒன்று பாதியில் கிடக்கும். கோபம் ஆறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஆற வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. எங்காவது ஏதாவது கெட்டுப்போய், நாலு பேர் கூடிப் புதிதாக வந்த ஒன்றைக் கை காட்டும்போதெல்லாம், என் கை தானாகச் சாவிக்கொத்தைத் தேடுகிறது. ரொம்ப நாளாகப் பளபளவென்று நிற்கிற கம்பத்தை முதலில் சுரண்டிப் பார்த்துவிடலாமே என்று.