ஈர்க்குச்சி அளவு

அவர் சட்டைப் பையில் பேனா இல்லை. நாலைந்து ஈர்க்குச்சிகள் இருந்தன. ஒல்லியான மனிதர். பெயர் தெரியாது, கேட்கவும் மனம் வரவில்லை.

அரியலூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுத்தவன் நான். பெரம்பலூரில் பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். பிராசஸர் சூடாகக் கூடாதென்று இருப்பதிலேயே பெரிய கூலர் விசிறியாகப் பார்த்துப் போட்டேன். அதன் உயரத்தால் கேபினட் கதவை மூட முடியவில்லை. "தொறந்திருந்தாத்தாங்க காத்து வரும்" என்று சமாளித்துவிட்டேன். சிமெண்ட் லாரிப் புழுதியெல்லாம் உள்ளே படிந்து, கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனது.

பிரிண்டர் மை கொடுக்கப் போன அன்று, ஸ்டுடியோக்காரர் பக்கத்தில் நிற்க, அவர் உட்கார்ந்து அந்தக் கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

என் கூலரைக் கழற்றியவர், பிராசஸர் மேல் ஈர்க்குச்சியை நிறுத்தி, கதவு வரும் உயரத்தில் ஒடித்தார்.

"இந்த உசரத்துக்குள்ள ஒண்ணு வாங்கிக்கங்க. கதவு மூடிரும்."

"மொதல்ல மாட்டுனவருக்கு இது தெரியலையா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அப்படிச் சொல்லாதீங்க. கூலருக்கு அடியில சூட்டை இழுக்குற பேஸ்ட்டு எவ்ளோ பதமா வச்சிருக்காரு பாருங்க. தொழில் தெரிஞ்ச ஆளுதாங்க."

திட்டியிருந்தால் உள்ளே போய்ச் சண்டை போட்டிருப்பேன். பாராட்டிவிட்டாரே, பாவி! மை பாட்டிலோடு அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது நானும் ஈர்க்குச்சியால்தான் அளக்கிறேன், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து.